வளைகோட்டை இரவல் வாங்காதீர்!



ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது பாலிடெக்னிக் உலகத்துக்குப் புதிதல்ல. ரீடிங் ஒன்றுதான், கையெழுத்துதான் வேறு! அதனால் மார்க் போகலாம், போகாமலும் இருக்கலாம். யாருக்கும் அடிபடப் போவதில்லை. ஆனால் ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டரின் பிட்ச், த்ராட்டில் எண்களையும் அதே பழக்கத்தில் பார்த்து எழுதினால்? அங்கே அடிபடும். அதைப் பற்றித்தான் இந்த மலரில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

நாலு மோட்டார் வைத்த சாதாரண ட்ரோனில் பிளேடின் கோணம் மாறாது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் அதை ஏற்றி இறக்குகிறோம். கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டர் அப்படியல்ல. அதன் ரோட்டர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். பிளேடுகளின் கோணம் மாறுவதால்தான் அது ஏறுகிறது, இறங்குகிறது. கோணம் கூடினால் தூக்கு விசை கூடும், கூடவே காற்றின் இழுவையும் கூடும். அந்த நேரத்தில் சக்தியையும் கூட்டித் தராவிட்டால் ரோட்டர் தளர்ந்துவிடும். தேவைக்கு மேல் கொடுத்தாலோ ஓவர் ஸ்பீடு! ஒரே ஸ்டிக்குக்கு இரண்டு வேலை. ஸ்டிக் எந்த இடத்தில் இருந்தால் எத்தனை டிகிரி, எத்தனை சதவீதம் சக்தி என்று பொருத்தி வைப்பவைதான் பிட்ச் கர்வ், த்ராட்டில் கர்வ் என்ற இரண்டு வளைகோடுகள்.

இது விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. விமானிகள் பயிற்சி பெறும் ராபின்சன் ஆர்-22 என்ற இரண்டு இருக்கை ஹெலிகாப்டரில், கலெக்டிவ் லீவரைத் தூக்கினால் த்ராட்டிலும் தானே திறக்கும்படி ஓர் இணைப்பு வைத்திருக்கிறார்கள். அங்கே இரும்பில் செய்ததை இங்கே ரேடியோவில் எண்ணாக அடிக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, எண்கள் என்ன? நார்மல் மோடில் ஸ்டிக் கீழே இருக்கும்போது மைனஸ் 2 அல்லது 3 டிகிரி, நடுவில் ப்ளஸ் 5, மேலே ப்ளஸ் 9 அல்லது 10 என்பது பொதுவான தொடக்கம். கரணம் போடுவதற்கான ஐடில் அப் மோடில் கீழே மைனஸ் 10, நடுவில் பூஜ்யம், மேலே ப்ளஸ் 10. தலைகீழாகப் பறக்கும்போது மைனஸ் கோணமும் பாரத்தை இழுக்கிறது அல்லவா? அதனால்தான் அந்த மோடில் த்ராட்டில் கோடு 'வி' எழுத்துப் போல இரண்டு ஓரத்திலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும்.

"அட, நம்பர் தெரிஞ்சாச்சே, அடிச்சுட்டுப் பறக்க வேண்டியதுதானே!" என்பார்கள் சிலர். வம்பே அங்கேதான் ஆரம்பம்! ரேடியோ காட்டுவது சதவீதம். பிளேடுக்கு வேண்டியது டிகிரி. 100 சதவீதம் என்பது எத்தனை டிகிரி என்பதைச் செர்வோ கையின் நீளம், இணைப்புக் கம்பியின் நீளம், ஸ்வாஷ் பிளேட்டின் மட்டம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பால் லிங்க்கை ஒரு சுற்று திருகினாலே கணக்கு மாறும். ஒரே மாடலை இரண்டு பேர் பூட்டினால் இரண்டு விதமாகத்தான் வரும். ஊரும் கணக்கில் உண்டு. கடல் மட்டத்தில் உள்ள சென்னையில் ஹோவர் ஆகும் கோணம், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்த ஊட்டியில் அதே ரோட்டர் வேகத்துக்குப் போதாது.

இன்னொரு கண்ணி, மோடு மாற்றும் சுவிட்ச். நார்மலில் நடு ஸ்டிக்கில் ப்ளஸ் 5-ல் நிற்கிற ஹெலிகாப்டரை அப்படியே ஐடில் அப்புக்குத் தட்டினால் கோணம் பூஜ்யம். ஹெலிகாப்டர் தொப்பென்று கீழே! இரண்டு கோடுகளையும் ஒரே கிராஃப் தாளில் வரைந்து பார்த்தவனுக்கு இது தானே தெரியும். நகலெடுத்தவனுக்குத் தரையில் விழுந்த பிறகுதான் தெரியும்.

"கவர்னர் இருக்கே, இனி கர்வ் எதுக்கு?" என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கவர்னர் ரோட்டர் வேகத்தைப் பிடித்து வைக்கும். த்ராட்டில் கோட்டை நேர்க்கோடாகவே வைக்கலாம். ஆனால் பிட்ச் கோடு அப்போதும் நம் பொறுப்புதான். பேட்டரியில் இல்லாத சக்தியைக் கவர்னர் எங்கிருந்து கொண்டு வரும்? கோணத்தை அளவுக்கு மீறி வைத்தால் ரோட்டர் தளரும், வால் பிடிமானம் இழக்கும், கைரோவாலும் காப்பாற்ற முடியாது.

ஆபத்து எவ்வளவு என்று நாமே கணக்குப் போடலாம். சுமார் 70 செ.மீ. ரோட்டர் விட்டமுள்ள சிறிய மாடல் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால், பிளேடு நுனியின் வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 370 கி.மீ.! 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், 19 வயது இளைஞர் ஒருவர் தான் பறக்கவிட்ட மாடல் ஹெலிகாப்டரே தாக்கி உயிரிழந்தார். நம் வயதுதானே தோழர்களே! காரணம் எதுவாக இருந்தாலும், இது பொம்மை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே என் கருத்து இதுதான். ஹெலிகாப்டர் ப்ராஜெக்ட் எடுக்கும் ஒவ்வொரு குழுவும், முதல் பறப்புக்கு முன் ஓர் அட்டவணை தர வேண்டும். ஸ்டிக் நிலை 0, 25, 50, 75, 100. அதற்கு நேரே பிட்ச் கேஜ் வைத்து அளந்த டிகிரி. அதற்கு நேரே த்ராட்டில் சதவீதம். மின்சார மாடல் என்றால் மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். நாலாவது பத்தி ரோட்டர் வேகம்; அது பறந்த பிறகு நிரப்ப வேண்டியது. மோட்டார் வேகத்தை டெலிமெட்ரியில் எடுத்துக் கியர் விகிதத்தால் வகுத்தால் விடை வந்துவிடும், பிளேடு பக்கத்தில் யாரும் போக வேண்டியதில்லை. த்ராட்டில் ஹோல்ட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்துகிறதா என்பதையும் சோதித்து எழுத வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் கையெழுத்து.

மெக்கானிக்கல்காரன் லிங்க்கைப் பார்க்கட்டும், எலக்ட்ரானிக்ஸ்காரன் ரேடியோவைப் பார்க்கட்டும், இருவரும் சேர்ந்து கிராஃப் வரையட்டும். முதலாண்டுக் கணக்கு வகுப்பில் "இந்த கிராஃப் எதுக்கு சார்?" என்று முணுமுணுத்தோமே, இதற்குத்தான்!

இரவல் சட்டை போட்டுக்கொள்ளலாம், இரவல் சைக்கிள் ஓட்டலாம். வளைகோடு மட்டும் சொந்தமாக இருக்கட்டும். அளப்போம், வரைவோம், பிறகு பறப்போம்!