தாத்தாவின் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஃபியூஸும்

ராசிபுரம் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் நோம்பி என்றால் அப்போது என் தாத்தாவின் மைக் செட்தான். அவர் போன பிறகு குழாய் ஸ்பீக்கர்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. மிஞ்சியது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர். தம்பி அதில்தான் கிடார் வாசிக்கிறான். மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களில் வரும் அதே இ.எல்.34 வால்வு இதிலும் இருக்கிறதென்று அவனுக்குப் பெருமை வேறு.

போன வாரம், போட்ட அரை நிமிடத்தில் அது அணைந்துவிட்டது. ஃபியூஸ். புதிது போட்டான், அதுவும் போனது. அடுத்து சிகரெட் பாக்கெட் ஜிகினாத் தாளைச் சுற்றப் போனவனின் கையைப் பிடித்துவிட்டேன். ஃபியூஸ் சில ரூபாய்தான். அது தடுக்காவிட்டால் எரிவது டிரான்ஸ்ஃபார்மர். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

சேலத்தில் வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் தூக்கிப் போனோம். "ரெண்டாவதும் போச்சுன்னா கோளாறு ஃபியூஸ்ல இல்ல கண்ணு" என்றவர், முதலில் பார்த்தது எரிந்த ஃபியூஸைத்தான். கண்ணாடி கருத்திருந்தால் நேரடி ஷார்ட். எங்களுடையதில் கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தது. அதாவது, கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது.

பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பை சீரியலில் மாட்டி சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென எரிந்து மங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்தது! தம்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாகச் சொருகினார். ஒரு சாக்கெட்டில் மட்டும், எந்த வால்வைப் போட்டாலும், அது சூடேறச் சூடேற பல்பு பிரகாசமானது. ஆக, வால்வும் நல்லதுதான். அதற்கு முன்னால் இருக்கும் சின்ன கண்டென்சர் கசிந்து, வால்வை அளவுக்கு மீறி கரண்ட் இழுக்க வைத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கண்டென்சர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம். அவரே அதை வடித்த பிறகுதான் கை வைத்தார்.

நீங்கள் செய்யக்கூடியது, பெட்டியில் எழுதியிருக்கும் அதே ஆம்பியர் ஃபியூஸைக் கேட்டு வாங்குவது. 'டி' எழுத்து பொறித்தது என்றால் மெதுவாக அறுகிற வகை, 'எஃப்' என்றால் சட்டென அறுகிற வகை. மாற்றிப் போடக் கூடாது.

அன்று ராத்திரி தம்பி தாத்தாவின் மைக்கைச் சொருகி "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான். அடுப்படியிலிருந்து அப்பத்தா எட்டிப் பார்த்தார்.