கல்லும் செடியும் கூடிய முற்றம்



வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள ஊர்களில் அண்மைக் காலத்தில் எழுந்த வீடுகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். வாயிற்படி தொடங்கி மதில்சுவர் வரையில் ஒரு பிடி மண்ணும் வெளியே தெரியாதவாறு சிமெண்டுத் தரை போடப்பட்டிருக்கும். இதனைக் குறை கூறுவது எளிது. ஆனால் விடியுமுன் சமையலை முடித்துவிட்டுக் காலணித் தொழிற்சாலைக்கு விரையும் குடும்பத் தலைவிக்கு, ஒருமுறை பெருக்கினால் தூய்மையாகும் முற்றம் எத்துணை ஆறுதல் தரும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மழைக்காலச் சேறும், புதரில் ஒளியும் தேளும் எவருக்கும் உவப்பானவை அல்லவே! ஆயினும் முற்றம் முழுவதையும் மூடிவிடுவதால் நம் பகுதி இழப்பது மிகப் பெரிது.

தோல் பதனிடும் தொழிலுக்கு நீரும் உப்பும் ஏராளமாக வேண்டும். அக்கழிவுநீர் பல்லாண்டுகள் பாலாற்றுப் படுகையிலும் வயல்களிலும் கலந்து வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசு விளைவித்தவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறியையும் அது நிலைநாட்டியது. எனினும் நிலத்தினுள் இறங்கிவிட்ட உப்பு ஒரு தீர்ப்பினால் வெளியேறிவிடுவதில்லை. அதன் கடுமையைத் தணிக்கும் ஆற்றல் வானத்திலிருந்து விழும் நன்னீருக்கே உண்டு.

அந்த நன்னீரை நாம் என்ன செய்கிறோம்? இருபதடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட ஒரு சிறு முற்றத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் 900 லிட்டருக்கும் அதிகம். சிமெண்டுத் தரையாயின் அத்தனையும் தெருச் சாக்கடைக்கு ஓடிவிடும். கூரைநீரைச் சேகரிக்கும் அமைப்பை 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு கட்டாயமாக்கியது. முற்றத்து நீரைக் காப்பது நம் பொறுப்பு. மேலும், பகலெல்லாம் வெயிலைக் குடித்த சிமெண்டுத் தரை இரவில் அந்த வெப்பத்தை வீட்டின் மீதே உமிழும். அக்கினி நட்சத்திர நாள்களில் நள்ளிரவிலும் காற்று சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, கால் படும் இடத்தில் கல்லும், கால் படாத இடத்தில் மண்ணும் இருக்கட்டும். வாயிலிலிருந்து படிவரை மூன்றடி அகலப் பாதை போதும். பாத்திரம் துலக்கும் இடத்தையும் துணி துவைக்கும் இடத்தையும் சிமெண்டிட்டுக் கெட்டியாக அமைத்துக்கொள்ளலாம். பாதைக்கு மெருகிடாத கடப்பைக் கல்லோ கருங்கல் பலகையோ ஏற்றது. மெருகிட்ட கல் ஈரத்தில் வழுக்கும். மண்ணைக் கெட்டித்து, அதன்மேல் இரண்டங்குலம் மணலோ கல்தூளோ பரப்பி, கலவை பூசாமல் கற்களைப் பதியுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஓரங்குல இடைவெளி விட்டு, அதில் மண் நிரப்பி அருகம்புல் நடுங்கள். உவரையும் மிதியையும் தாங்கி வளரும் புல் அது. ஐந்தடிக்கு ஓரங்குலம் வீதம் தரை சுவரைவிட்டு வெளிப்புறம் சரிந்திருக்கவேண்டும். இல்லையேல் அடித்தளத்தில் ஈரம் சேரும்.

ஏற்கெனவே சிமெண்டுத் தரை இட்டவர்கள் மனம் தளர வேண்டுவதில்லை. மதிலோரமாக இரண்டடி அகலத்திற்கு மட்டும் தரையை உடைத்தெடுத்து மண் நிரப்பினால், முற்றத்து நீர் அப்பாத்தியில் இறங்கிவிடும். பாத்தி தரைமட்டத்திற்குச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். மேடாயின் நீர் ஏறாது.

இனிச் செடிகள். ஆழ்குழாய்க் கிணற்று நீர் காய்ந்த இடத்தில் வெண்ணிறமாக உப்புப் பூக்குமாயின், ரோஜாவும் இட்லிப்பூவும் அந்நீரில் செழிக்கமாட்டா. இலை மஞ்சளித்து ஓரம் கருகும். அவற்றை அடியில் துளையுள்ள தொட்டியில் வைத்து, சேமித்த மழைநீரை ஊற்றலாம். தரையில் வைக்கக் காகிதப்பூ, நித்தியகல்யாணி ஆகியவை ஏற்றவை. அரளியும் உவர் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சாதலால் குழந்தைகள் உள்ள வீட்டிற்கு ஆகாது. துலக்கும் இடத்து நீர் வழியும் பக்கத்தில் கல்வாழை நடலாம். இடமிருப்பின் சுவருக்குப் பத்துப் பதினைந்தடி தள்ளி ஒரு வேம்போ புங்கமோ வையுங்கள். அதன் அடியைச் சுற்றி நான்கடிச் சதுரம் மண்ணாகவே இருக்கட்டும். கழுத்துவரை சிமெண்டு பூசிய மரம் வேருக்கு நீரும் காற்றும் கிட்டாமல் நலிந்துபோகும்.

ஒரு செடியைத் தனியே குறிப்பிட வேண்டும். அது ஆவாரை. குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறை பரவுமுன், தென்னகத்துத் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையே. கல்லாங்காட்டிலும் தானே முளைத்து, சிறிதளவு நீரில் பொன்னிறப் பூக்களைச் சொரியும் இச்செடிக்கு நம் முற்றங்களில் மட்டும் இடமில்லாமற் போனது வியப்பே. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவை விலைகொடுத்து வாங்குகிறோம். மதிலோரம் இரண்டு செடி நின்றால் வீட்டுக்கும் ஆகும், அண்டை வீட்டாருக்கும் ஆகும்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஓடியதைக் கண்டோம். வருகின்ற நீர் ஒரு சில நாள்களில் வந்து கடலுக்குப் போய்விடுகிறது. எஞ்சிய மாதங்களில் ஆறு மணலாகக் கிடக்கிறது. ஆற்றைத் திருத்துவது அரசும் ஆலைகளும் ஆற்றவேண்டிய பணி. அதற்காக நாம் விடாது குரல் கொடுக்கவேண்டும். அதேவேளையில் நம் வாசலில் விழும் மழைக்கு வழிவிடுவதற்கு எவருடைய ஆணையும் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணி புரட்டாசி மாதங்களில், கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து மதிலோரம் அந்த இரண்டடியைத் திறந்துவிடுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும்போது, நீர் எங்கே போகிறது என்று உங்கள் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள்.