ஊதலுக்கு முன் உதைத்த பந்து

கௌதமபுரத்து அன்பர் ஒருவர் நம் சங்கத்திற்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். அவருடைய மகன் ஆடும் சிறுவர் குழு, நடுவர் அளித்த கோலை ஏற்காமல் மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டதாம். "கண்டீரவாவில் பெரியவர்களே அப்படிச் செய்தார்களே!" என்று பையன் வாதாடுகிறானாம். பேலேவுக்குச் சிலை எழுப்பிய பேட்டையில் இவ்வினா எழுவது இயல்பே. ஆகவே இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

பையன் குறிப்பிடுவது 2023 மார்ச் 3-ஆம் தேதி ஆட்டத்தை. இந்தியன் சூப்பர் லீக்கின் வெளியேற்றுச் சுற்றில் பெங்களூரு எப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. 90 நிமிடங்களில் கோல் ஏதும் விழவில்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. எதிரணிக் கோல் காப்பாளர் தடுப்புச் சுவரை அமைப்பதில் முனைந்திருக்க, சுனில் சேத்ரி காத்திராமல் பந்தை வலைக்குள் செலுத்தினார். நடுவர் கிரிஸ்டல் ஜான் அதைக் கோல் என்றார். ஊதல் ஒலிக்கவில்லையே என்று கேரள அணியினர் கொதித்தனர். பயிற்சியாளர் வுகோமனோவிச் அவர்களை வெளியே அழைத்துக்கொண்டார். அவர்கள் திரும்பவே இல்லை.

விதி என்ன சொல்கிறது? பிரீ கிக் என்பது பிழை செய்தவனுக்குத் தண்டனை, பிழைக்கு ஆளானவனுக்கு உரிமை. எதிரிகள் 9.15 மீட்டர், அதாவது 10 கஜம், விலகி நிற்க வேண்டும் என்பது உதைப்பவனின் நன்மைக்காகவே. அவன் அதைக் கேட்டுப் பெறலாம். வேண்டாமென விட்டு உடனே உதைக்கவும் செய்யலாம். அப்பொழுது ஊதல் தேவையில்லை. நடுவர் அட்டை காட்டினாலோ, காயம்பட்டவரைக் கவனித்தாலோ, ஆள் மாற்றினாலோ, சுவரைப் பின்னே தள்ளினாலோ மட்டும் ஊதலுக்குக் காத்திருந்தே தீரவேண்டும். ஊதலும் சுவரும் தேவையில்லை என்று நடுவரிடம் முன்னரே கூறியதாகச் சேத்ரி பின்னர் தெரிவித்தார்.

ரயில்வேக்காரனாகிய எனக்கு ஊதல் மீது தனிப் பற்று உண்டு. இன்று டிரெயின் மேனேஜர் எனப்படும் கார்டின் அனுமதியின்றி வண்டி நகராது. கால்பந்துச் சட்டமோ வேறு. கோல் காப்பாளர் சுவர் கட்டி முடிக்கும் வரை பொறுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஆயினும் அத்துணை முக்கியமான ஆட்டத்தில், உடனே உதைக்கலாம் என்பதை இரு தரப்பும் அறியும்படி நடுவர் கையசைத்துக் காட்டியிருந்தால் பூசல் பாதி குறைந்திருக்கும் என்பது என் கருத்து. அது சட்டத்தின் கட்டளையன்று; விவேகத்தின் கட்டளை.

அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து நம்முடையதன்று. ஆனால் அங்கும் இதே தத்துவம் வேறு வேடத்தில் உண்டு. பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு நெடுந்தூரம் உதைக்கும் 'பண்ட்' என்ற முறையில், ஒற்றைக் காலில் நிற்கும் உதைப்பவன் மீது வெறுமனே இடித்தால் 5 கஜம் தண்டனை. முரட்டுத்தனமாக மோதி வீழ்த்தினால் 15 கஜம். பந்தும் உதைத்த அணியிடமே தங்கும். நடுவர் மஞ்சள் துணியை எறிந்துவிட்டு ஆட்டத்தை ஓடவிடுவார். தண்டனையை ஏற்பதா, நடந்த ஆட்டமே நன்றென்று விடுவதா என்பதைப் பாதிக்கப்பட்ட அணியே தீர்மானிக்கும். பிழை செய்தவன் அங்கும் நிபந்தனை போட முடியாது.

இனிப் பையனின் வாதத்திற்கு வருவோம். வெளியேறியவர்களுக்கு என்ன கிடைத்தது? ஆட்டம் பெங்களூருக்குச் சேர்ந்தது. மறு ஆட்டம் வேண்டும் என்ற மனு தள்ளப்பட்டது. அம்மாத இறுதியில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு, அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும் விதித்தது. மேல்முறையீடும் பயனளிக்கவில்லை. மீதி ஆட்டத்தில் அரை மணிக்குச் சற்றுக் குறைவான நேரமே இருந்தது. ஒரு கோலைத் திருப்பிப் போட அது போதாதா?

1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2–1 எனத் தோற்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் நம் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். அன்பர் தம் மகனுக்கு அவர் கதையைச் சொல்லட்டும். குழுவின் பயிற்சியாளருக்கும் ஒரு சொல்: எதிரிக்குப் பிரீ கிக் கிடைத்த கணமே ஒரு பையன் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும், மற்றவர்கள் சுவர் கட்டட்டும்.