எந்தக் கேமரா வாங்கலாம்?

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மாணவர் ஒருவர் என் அறை வாயிலில் வந்து நிற்பது வழக்கம். "ஐயா, ஒளிப்படம் எடுக்க ஆசையாக இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பார். தமிழ் இலக்கணம் கற்பிப்பவனிடம் இவ்வினா ஏன் வருகிறது என்று வியக்க வேண்டியதில்லை. கல்லூரி விழாக்களில் பழைய கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் அலைவதை அனைவரும் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அதே வினாவோடு மாணவர் வரவில்லை. அவருடைய தந்தையார் வந்தார். "சார், பையன் கேமரா கேட்கிறான். லென்ஸோடு சேர்த்து எண்பதாயிரம் ஆகுமாம். அவன் உம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். ஒளிப்படக் கலையை வீண் என்று தள்ள எனக்கு மனமில்லை; வளையலை அடகு வையுங்கள் என்று சொல்லவும் நா எழவில்லை. அன்று அவருக்கு நான் கூறிய விடையையும், அதற்குரிய காரணங்களையும் இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்கள் முன்னும் பெரியோர்கள் முன்னும் வைக்க விரும்புகின்றேன்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். "எந்தக் கேமரா?" என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய வினா. "எதைப் படமெடுக்கப் போகிறேன்?" என்பது முதல் வினா. "அதற்கு எந்த லென்ஸ் பொருந்தும்?" என்பது இரண்டாவது வினா. இவ்விரண்டிற்கும் விடை கிடைத்துவிட்டால் மூன்றாவது வினா பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும். நம் இளைஞர்களோ மூன்றாவதிலிருந்து தொடங்குகின்றனர். எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம் என்னும் எண்களே அவர்களுடைய உரையாடலாக இருக்கிறது.

அவ்வெண்களைச் சற்றே ஆராய்வோம். 24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் நீளத்தில் 6000 புள்ளிகளும் அகலத்தில் 4000 புள்ளிகளும் கொண்டது. எட்டுக்குப் பத்து அங்குலப் படத்தை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் நல்ல தரத்தில் அச்சிட ஏறத்தாழ 72 இலட்சம் புள்ளிகளே போதும். அதாவது 24 மெகாபிக்சலில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. மேலும், 24 என்பது 48 ஆகும்போது படத்தின் நீள அகலங்கள் இரு மடங்காகிவிடுவதில்லை, 1.4 மடங்கே பெருகுகின்றன. பல்லாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து இதனைப் பெற்று, பின்னர்க் கைப்பேசித் திரையில் மட்டுமே படத்தைப் பார்ப்பவருக்கு என்ன பயன்?

லென்ஸின் நிலை வேறு. ஒளியைக் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பொருள்களிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைந்து காட்சியாகிறது என்று தம் ஒளியியல் நூலில் நிறுவினார். இருட்டறையில் சிறு துளை வழியே புகும் ஒளி எதிர்ச்சுவரில் உருவமாக விழுவதையும் அவர் ஆராய்ந்தார். அந்த இருட்டறையே இன்றைய கேமராவின் மூதாதை. துளையின் இடத்தில் இன்று லென்ஸ் இருக்கிறது. துளை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு ஒளி புகும் என்னும் கணக்கு மட்டும் மாறவில்லை.

இக்கணக்கைத்தான் லென்ஸின் முகப்பில் 1.8 என்றும் 5.6 என்றும் பொறித்திருக்கிறார்கள். குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்துப் பெறும் எண் அது. ஆகவே எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிதாகும். 1.8 அளவில் திறக்கும் லென்ஸ், 5.6 அளவில் திறக்கும் லென்ஸைவிட ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கிய அறையில் 5.6 திறப்பிற்கு 1/10 விநாடி தேவைப்பட்டால், 1.8 திறப்பிற்கு 1/90 விநாடியளவே போதும். முன்னதில் அசையும் கை கலங்கித் தெரியும். பின்னதில் விரல்நுனி வரை தெளிவாகப் பதியும். இந்த வேறுபாட்டை எத்தனை மெகாபிக்சலும் ஈடுசெய்ய இயலாது.

அந்தத் தந்தையாரிடம் நான் சொன்னது இதுதான்: "வளையல் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். என்னிடம் பழைய கேமரா ஒன்றும் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் இருக்கின்றன. ஓராண்டு உங்கள் மகன் அவற்றைப் பயன்படுத்தட்டும். அதன் பிறகும் குறை தோன்றினால் அப்போது பேசுவோம்." அந்த லென்ஸில் ஜூம் கிடையாது. படம் பெரிதாக வேண்டுமானால் முன்னே நடக்க வேண்டும். சிறிதாக வேண்டுமானால் பின்னே நகர வேண்டும். மாணவரின் முகம் சற்று வாடியதை மறைப்பானேன்?

அவ்வாண்டின் இறுதியில் மாணவர் சிலரைப் பத்தமடைக்கு அழைத்துச் சென்றேன். தாமிரவருணிப் பகுதியின் கோரையைக் கீறி, ஊறவைத்து, சாயமேற்றி, பட்டுத் துணியைப் போல மடிக்கத்தக்க பாய் நெய்யும் ஊர் அது. சென்றவர்களுள் ஒருவர் 70 முதல் 300 மில்லிமீட்டர் வரை நீளும் புதிய லென்ஸைக் கொண்டுவந்திருந்தார். தரையோடு தாழ்ந்த தறியின் முன் ஒரு மூதாட்டியார் அமர்ந்திருந்தார். அறையோ சிறியது, சன்னல் ஒன்றே. புதிய லென்ஸ் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த தொலைவில் குவியவில்லை. பின்னே நகரச் சுவர் இடம் கொடுக்கவில்லை. கிடைத்த படங்களும் ஒளிக்குறைவால் கலங்கின. நம் மாணவரோ தறியருகே மண்டியிட்டு அமர்ந்தார். முதலில் படமெடுக்கலாமா என்று அனுமதி கேட்டார், பெயரைக் கேட்டார், எத்தனை வயதில் நெய்யத் தொடங்கினீர்கள் என்று கேட்டார். அரைமணி நேரம் கழித்தே கேமராவை உயர்த்தினார். அம்மூதாட்டியாரின் கைகளும், கோரை இழையும், பாதி வெளிச்சம் விழுந்த முகமும் அப்படத்தில் இருந்தன.

நெடுந்தொலைவு லென்ஸ் பயனற்றது என்று இதனால் கொள்ளலாகாது. கூந்தன்குளத்தில் பறவைகளைப் படமெடுக்க விரும்புவோர்க்கு 35 மில்லிமீட்டர் உதவாது. 300, 400 என்று செல்லவே வேண்டும். குவியத் தூரம் எடுபொருளுக்கு ஏற்ப அமைதல் வேண்டும் என்பதே என் கருத்து. மனிதரையும் தெருவையும் வீட்டையும் எடுக்க விழைவோர்க்கு மனிதக் கண்ணின் இயல்பான பார்வையை ஒத்த ஒரு லென்ஸ் போதும். 24க்கு 36 மில்லிமீட்டர் சட்டம் கொண்ட கேமராவில் அது 50 மில்லிமீட்டர். அதனினும் சிறிய ஏபிஎஸ்-சி உணரி கொண்ட கேமராவில் 35 மில்லிமீட்டர் அதே வேலையைச் செய்யும்.

உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் படங்களில் மிகப் பெரும்பாலானவற்றை 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றினாலேயே எடுத்தார். 1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் பதிவு செய்தவர் அவர். பொழுதுபோக்காகப் படமெடுத்தவருக்குச் சான்று வேண்டுமாயின், சிகாகோ நகரில் குழந்தைகளைப் பராமரிக்கும் பணி செய்த விவியன் மேயரைச் சொல்லலாம். லென்ஸை மாற்றவே இயலாத ரோலிஃப்ளெக்ஸ் கேமராவால் அந்நகரத் தெருக்களைப் பல்லாண்டுகள் எடுத்தார். அவர் விட்டுச்சென்ற நெகடிவ்கள் இலட்சத்திற்கு மேற்பட்டவை. ஆயினும் பல சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. வாடகை கட்டாத பெட்டகத்திலிருந்து 2007இல் அவை ஏலத்திற்கு வந்திராவிடில் உலகம் அவரை அறிந்திராது. 2009இல் அவர் மறைந்தார். எடுத்ததோடு நில்லாமல் அச்சிட்டும் வைக்க வேண்டும் என்னும் பாடமும் அவர் வாழ்க்கையில் உண்டு.

ஆகவே மாணவர்க்கு என் பரிந்துரைகள் இவை: தொடக்கப் பயிற்சிக்குக் கையிலுள்ள கைப்பேசியே போதும். ஓராண்டு அதில் பழகிய பின்னும் ஆசை தணியாவிடில், ஒருவர் பயன்படுத்திய கேமராவை வாங்குக. கண்ணாடி இல்லாக் கேமராக்களுக்குப் பலரும் மாறிவிட்டமையால் பழைய எஸ்எல்ஆர் வகை மலிவாகக் கிடைக்கிறது. வாங்குமுன் லென்ஸின் ஒருபுறம் கைவிளக்கை வைத்து மறுபுறம் பார்க்க. சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். கடற்கரை ஊரினர் லென்ஸைத் தோல் பையில் வைக்காமல் காற்றுப் புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்க. தவணைக் கடனில் எதையும் வாங்கற்க.

கல்லூரியை நடத்தும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நூலகத்தில் நூல்களைக் கடனாகத் தருகிறோம். அவ்வாறே இரண்டு கேமராக்களையும் இரண்டு லென்ஸ்களையும் வாங்கி வைத்து, கையொப்பம் பெற்று மாணவர்க்குத் தரலாகாதா? ஒரு வீட்டின் வளையலை அடகிற்கு அனுப்பும் தொகை, ஆண்டுதோறும் பல மாணவர்க்குப் பயன்படும். அவர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களையும், கைத்தொழில்களையும், இடிந்துகொண்டிருக்கும் பழைய வீடுகளையும் எடுத்து, பின்புறம் பெயரும் நாளும் எழுதி நூலகத்தில் சேர்த்தால், இருபது ஆண்டுகளில் நம் வட்டாரத்தின் வரலாறே அங்கு இருக்கும்.

பத்தமடைப் படத்தை அச்சிட்டு அம்மூதாட்டியாருக்கு அனுப்பினோம். அடுத்த ஆண்டு அவர் காலமானார் என்று செய்தி வந்தது. குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் உள்ள சிறு படங்களைத் தவிர அவருடைய படம் வேறு எதுவும் தங்களிடம் இல்லை என்று கூறி, அவர் மகள் இன்னும் இரண்டு படிகள் கேட்டிருந்தார். மாணவர் மறுநாளே அச்சிட்டு அனுப்பினார். என் பழைய கேமரா இன்னும் அவரிடந்தான் இருக்கிறது. திருப்பித் தருமாறு நானும் கேட்கவில்லை. புதிதொன்று வேண்டுமென்று அவரும் தம் வாப்பாவிடம் கேட்கவில்லை.