முதலில் ஆயிலைப் பாருங்கள்
மெக்கானிக் ஷெட்டில் ஒரு பழைய ஹோண்டா சிஆர்-வி நின்றது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் பின்பக்கம் முனகுகிறது; வேறோர் இடத்தில் பின் டிஃபரென்ஷியலையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். இந்த மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. இஞ்ச் டேப்பால் நான்கு டயர்களின் சுற்றளவையும் அளந்தார், ஒரே அளவு; கோளாறு அங்கே இல்லை. பிறகு பின் டிஃபரென்ஷியலின் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். கன்னங்கரேலென்று ஆயில் வடிந்தது. இந்த வண்டியில் பின்சக்கரங்களை இழுக்க வைப்பது இரட்டை பம்பும் கிளட்ச் தட்டுகளும். ஆயில் கெட்டால் தட்டுகள் விட்டுவிட்டுப் பிடித்து முனகும். அதற்கென்றே உள்ள ஆயிலை ஊற்றி வட்டமடித்து ஓட்டியதும் சத்தம் அடங்கியது. பேரிங் போயிருந்தால் செலவு செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் திறந்தே பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொல்வது வண்டிக்காரர் வயிற்றில் அடிப்பது. ஆல்வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களே, பெரிய தொகைக்குத் தலையாட்டும் முன் டயரையும் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.