அடித்தரை காய்ந்தால்தான் மரத்தரை!

எங்கள் வீடு குன்னூரில். சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்தால் குளிர் உச்சந்தலைக்கு ஏறும். பெண் பிரசவத்துக்கு வருகிறாள், குழந்தை தவழ இந்தத் தரை ஆகுமா என்று படுக்கையறைக்குப் பலகை போடத் தீர்மானித்தோம். சீட்டுப் பணத்தில் தேக்குப் பலகையும் வந்து இறங்கியது.

"நாளைக்கே ஆணி அடிச்சிடுங்க" என்றேன். ஆசாரியோ, "அவசரப்படாதீங்கம்மா, அடியில ஈரம் இருந்தா பலகை சும்மா இருக்குமா?" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன் ஹாலில் இப்படித்தான் வேறு ஆளை வைத்து அவசரமாகப் போட்டோம். முதல் மழைக்கே பலகைகள் உப்பிக்கொண்டன. மாமியார் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததுதான் மிச்சம்!

ஆசாரி ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டார். எடுத்துப் பார்த்தால் அடியில் முத்து முத்தாய்த் தண்ணீர்! காரணம் யார் தெரியுமா? நான்தான். சுவருக்கு வெளியே என் ரோஜாப் பாத்தி, அறைத் தரையை விட உயரமாக மண் ஏறிக் கிடந்தது. மண்ணை வெட்டி இறக்கி, மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் போட்டோம். ஆனால் தரை காய வேண்டுமே! பேரன் பிறந்தபோதும் வெறும் தரைதான். ஜமக்காளத்தின் மேல் கம்பளி விரித்துச் சமாளித்தோம். மூன்று மாதம் கழித்து, தாளுக்கடியில் சொட்டு ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே வேலை தொடங்கியது.

சகோதரிகளே, நீங்களும் மரத்தரை போடுவதானால் இவற்றைக் கவனியுங்கள்:

* பாலிதீன் சோதனையை அறையில் நாலைந்து இடத்தில் செய்யுங்கள். ஈரம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. தாளில் ஈரம் தெரியாவிட்டாலும் அடி ஆழத்தில் இருக்கலாம்.

* பத்தடி நேர்க்கட்டையைத் தரையில் வைத்துப் பாருங்கள். அடியில் 5 மி.மீ.க்கு மேல் சந்து தெரிந்தால் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தைப் பூசி, மறுபடி காயவிட வேண்டும்.

* தரையைச் சுத்தமாகப் பெருக்கி, தடித்த பாலிதீன் விரித்து, அதன் மேல் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை ஸ்க்ரூவால் இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் நடக்கும்போது கிறீச்சிடும்.

* பலகைகளை அதே அறையில் ஒரு வாரமாவது வைத்திருந்து பிறகு அடியுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும். அதனால் சுவரோரம் அரை அங்குலமாவது இடம் விட்டு, ஓரப்பட்டையால் மறைத்துவிடுங்கள்.

எட்டாம் மாதம் பேரன் வந்து அந்தத் தரையில் தவழ்ந்தான். இரண்டு மழைக்காலம் தாண்டியும் ஒரு பலகைகூட எழும்பவில்லை. ரோஜாக்கள் இப்போது தொட்டியில்தான்!