கோப்பை ஒன்று, நீதி இரண்டா?

தொழிலாளத் தோழர்களே!

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன் நான். செக்ரோல் எழுதுவதும் சம்பளக் கணக்குப் போடுவதும் என் தொழில். சென்ற விடுமுறையில் ஆபீசு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தலைநகரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். "ஐயா, இந்த மலையிலேயே காய்ச்சிய பீர் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்கள். சிற்றாலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சும் பீரைத் தேடி ஊர் ஊராகப் போவது இப்போது உலகெங்கும் பொழுதுபோக்காகிவிட்டதாம். அமெரிக்காவில் ஆஷ்வில் என்னும் மலைநகருக்கு அதற்கென்றே கூட்டம் போகிறதாம். இந்தக் குளிருக்கும் தண்ணீருக்கும் இங்கும் ஓர் ஆலை வைத்தால் அமோகமாக நடக்கும் என்றார்கள். மரியாதையான பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

அதே வாரம் காலைப் பெரட்டில் ஒரு தொழிலாளியின் வாயில் நெடி அடித்தது என்று, அத்தனை பேர் முன்னிலையில் அவரை ஏசினார்கள். "நீங்களெல்லாம் திருந்தவே மாட்டீர்கள்" என்றார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உல்லாசப் பிரயாணி குடித்தால் அது ரசனை; உழைப்பவன் குடித்தால் அது ஒழுக்கக்கேடு! கோப்பை ஒன்றாயிருக்க, நீதி மட்டும் இரண்டாவது எப்படி?

குடியை ஆதரிக்க நான் எழுதவில்லை. சம்பள நாளன்று தகப்பனை எதிர்பார்த்து லயத்து வாசலில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பழியைச் சுமத்துமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்தத் தொழிலாளிக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தது யார்?

வெள்ளையர் காலத்து மலாயாவில் தோட்ட நிர்வாகமே உரிமம் வாங்கிக் கள்ளுக்கடை நடத்தியது. ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் வாங்கிக்கொண்டது. அதை எதிர்த்தவர் யார்? துரையா? இல்லை. நம் பாட்டன்மார்தான்! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் கோரிக்கையாயிருந்தது. தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், பின் நாடு கடத்தப்பட்டார். 1947-இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. போலீசார் தடி கொண்டு அடக்கினார்கள். "எங்களுக்குக் கள் வேண்டாம்" என்று சொன்னதற்காக அடிபட்ட வர்க்கத்தைக் குடிகார வர்க்கம் என்கிறார்களே, என்ன அநியாயம்!

தென்னம்பாளையில் வடியும் சாறு எந்த ஆலையும் இல்லாமல் சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகிறது, வைத்திருந்தால் காடியாகிறது. அதுவும் கைப்பக்குவந்தான். ஆனால் அதைத் தேடி எந்தக் காரும் வந்ததில்லை! மலையுச்சியிலோ தென்னையும் செழிப்பதில்லை. இங்கே ஏழைக்குக் கிடைத்தது சம்சு.

கடைப் பீர் ஏழைக்கு எட்டாது. 2016 மார்ச் முதல் பீரில் உள்ள தூய சாராயத்துக்கு லிட்டருக்கு 175 ரிங்கிட் வரி விதித்தார்கள். 5 சதவீத வலிமையுள்ள 320 மில்லி டின் ஒன்றுக்கு வரி மட்டுமே 2 ரிங்கிட் 80 சென் ஆயிற்று. 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் சொச்சம். அதில் அரிசி, பள்ளிச் செலவு, மருந்து எல்லாம் அடங்கவேண்டும். பீரை மலிவாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. எட்டாத விலைக்குக் கீழே கள்ளச்சரக்கு விற்பவன் காத்திருக்கிறான் என்பதைச் சொல்லுகிறேன்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் தலைநகரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் பிழைக்க வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். இன்று நம் மலையில் நம்மோடு கொழுந்து எடுப்பவர்களிலும் வங்காளதேச, நேப்பாளத் தோழர்கள் பலர். மெத்தனால் உடனே கொல்லாது. பல மணி நேரங் கழித்து வாந்தி வரும், வயிறு வலிக்கும், கண் மங்கும். அப்படியானால் "போதை தெளியட்டும்" என்று படுக்க வைக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்!

தேயிலை மலையில் பீர் ஆலை என்பது புதுமையுமல்ல. இலங்கையில் நுவரெலியாவில் 1881-லேயே ஆலை தோன்றியது. மலைத் தண்ணீரில் காய்ச்சிய பீர் பேர் வாங்கியது. நூறாண்டுக்கு மேல் அங்கே இருந்துவிட்டு, ஆலை கொழும்புக்கு அருகே பியகமவுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த மலையில் கொழுந்து எடுக்கும் நம் இனத்தாரின் லயங்கள் போகவில்லை! பீரின் பெருமையால் லயத்துக் கூரை மாறாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே முதலாளிமாருக்கும் அதிகாரிகளுக்கும் சொல்லுகிறோம். உல்லாசப் பிரயாணிகளுக்காக மலையில் மதுக்கடையோ ஆலையோ வைக்க உரிமம் கொடுக்குமுன், பக்கத்து லயத்தில் வாழ்பவரைக் கேளுங்கள். சம்சு குடித்தவனைப் பெரட்டில் அவமதிப்பதை விட்டு, அதை விற்றவனைக் கோர்ட்டில் நிறுத்துங்கள். வேலை முடிந்த மனிதன் உட்கார ஒரு மன்றமும், படிக்க ஒரு பத்திரிகையும், வீட்டுக்குப் போதுமான சம்பளமும் கொடுங்கள்.

தோழர்களே, நமக்கும் கடமை உண்டு. சம்பள நாளன்று கவரைப் பிரிக்காமல் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். லயத்தில் சம்சு விற்பவனை நாமே காட்டிக்கொடுப்போம். பாட்டன்மார் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது, பேரன்மார் புதர் மறைவில் சம்சு குடிக்கவா? சிந்தியுங்கள்!